ஜிகினாத் தாளும் காக்காப்பொன்னும்: கல்யாண கேக்கின் கதை

 

நம் பழைய மாணவர் குழுவில் ஒரு கல்யாண வரவேற்புப் படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கள்ளக்குறிச்சி மண்டபம் ஒன்றில் ஐந்தடுக்கு கேக். முத்து வெள்ளை நிறம், நடுவில் தங்க ரேக், மேலிருந்து கீழ்வரை நட்சத்திரம் கொட்டியதுபோல் மினுமினுப்பு. படத்துக்குக் கீழே நம் மாணவி ஒருத்தி இரண்டு கேள்வி கேட்டிருந்தாள். வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவள். பெயர் வேண்டாம், அவளுக்கே தெரியும்.

முதல் கேள்வி: "டீச்சர், இந்த அடுக்கு கேக் வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது?"

இரண்டாவது கேள்வி: "மேலே தூவுற பளபளப்புத் தூளைக் குழந்தைங்க சாப்பிடலாமா?"

முதல் கேள்விக்குப் பதில் வரலாற்றில் இருக்கிறது. இரண்டாவது கேள்விக்கும் வரலாற்றில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒரு வரியில் சொல்ல முடியாது என்பதால் இந்த நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள். நடுவில் ஒரு கணக்கும் வரும், பயப்படாதீர்கள்.

முதலில் கரும்பு

கேக்கின் பளபளப்புக்குப் போகும் முன் அதன் அடியில் இருக்கும் சர்க்கரையைப் பார்ப்போம். சர்க்கரை நமக்கு வெளியூர்ச் சரக்கு அல்ல. புறநானூற்றின் 99-ஆவது பாட்டில் ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடுகிறார். அவன் முன்னோர் இந்த நிலத்துக்குக் கரும்பைக் கொண்டுவந்து தந்தவர்கள் என்கிறார். அதே பாட்டில், அவன் கோவலூரை வென்ற செய்தியும் வருகிறது. கோவலூர் என்றால் நம் மாவட்டத்துத் திருக்கோவிலூர். மலையமான் திருமுடிக்காரியின் ஊர். கரும்பும் நம் ஊரும் ஈராயிரம் வருஷத்துக்கு முன்பே ஒரே பாட்டில் சேர்ந்து நிற்கின்றன. இதை வகுப்பில் சொன்னால் பின்வரிசை கூட நிமிர்ந்து உட்காரும்.

சொற்களையும் பாருங்கள். ஆங்கிலத்தில் சர்க்கரைக்கு உள்ள 'சுகர்' என்ற சொல், 'சர்க்கரா' என்ற வடசொல்லிலிருந்து பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. 'கேண்டி' என்ற சொல் 'கண்ட' என்ற சொல்லின் வழி வந்தது. நம் கற்கண்டில் இருக்கும் கண்டுதான் அது. வெல்லத்தை அவர்கள் 'ஜாகரி' என்கிறார்களே, அது மலையாளத்துச் சக்கரையைப் போர்ச்சுகீசியர் வாயால் சொன்ன உருவம். இனிப்பும் இனிப்பின் பெயரும் இங்கிருந்து போய், வேஷம் மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கின்றன.

வெள்ளைச் சர்க்கரை ஆலையும் நம் பழைய தென்னாற்காட்டில்தான் சீக்கிரமே வந்தது. நெல்லிக்குப்பத்தில் பாரி கம்பெனியின் ஆலை 1842-ல் தொடங்கியது. பின்னாளில் கூட்டுறவு ஆலைகள் வந்தன. மூங்கில்துறைப்பட்டில் ஒன்று, கல்வராயன் மலையடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில் ஒன்று. உங்களில் பாதிப் பேர் கரும்பு வண்டிக்குப் பின்னால் ஓடிக் கரும்பை உருவிக்கொண்டு பள்ளிக்கூடம் வந்தவர்கள்தானே!

நம்மிடம் இருந்த அடுக்கு இனிப்பு

கல்யாணத்தில் உயரமாக, அலங்காரமாக ஓர் இனிப்பு நிற்பது நமக்குப் புதிதா? இல்லை. பருப்புத்தேங்காயை நினைத்துப் பாருங்கள். கூம்பு வடிவத் தகரக் கூடு இரண்டு. அதற்குள் கடலையோ பொட்டுக்கடலையோ மனோகரமோ வெல்லப்பாகோடு சேர்த்து அடைத்திருப்பார்கள். வெளியே ஜிகினாத் தாள் சுற்றி, நுனியில் பூ வைத்து, ஜோடியாக மணமேடையில் நிற்கும். ஐயர் வீட்டுக் கல்யாணங்களில் இன்றும் உண்டு. மற்றவர்கள் வீட்டுச் சீர்வரிசையில் சர்க்கரையை அச்சில் வார்த்த பொம்மைகள் வரும். கிளி, மயில், தேர், கோபுரம் என்று தட்டு தட்டாக அடுக்கி, கண்ணாடித் தாள் கட்டியிருப்பார்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஜிகினாத் தாளைப் பிரித்து எறிந்துவிட்டுத்தான் உள்ளே இருப்பதைத் தின்றார்கள். பளபளப்பு கண்ணுக்கு, வெல்லம் வாய்க்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு எல்லை இருந்தது.

மலையில் அந்த அலங்காரமும் இல்லை. கல்வராயன் மலையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவள் நான். அங்கே இனிப்பு என்றால் தேன்தான். தினைமாவும் தேனும், சாமைச் சோறும் விருந்து. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பரிசம் தருவது மலையாளி மக்களின் வழக்கம். 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை அது. வெள்ளைச் சர்க்கரையே அங்கே விசேஷப் பொருளாக இருந்த காலம் உண்டு. இன்று வெள்ளிமலைக்குப் பிறந்தநாள் கேக் பெட்டி ஏறிப் போகிறது.

இங்கிலாந்தில் நடந்தது

பழைய ரோமாபுரியில் ஒரு வகைக் கல்யாணத்தில் தானிய அடை ஒன்றைப் படைத்து மணமக்கள் பங்கிட்டுக்கொண்டார்கள். இங்கிலாந்தில் உலர்பழம் போட்ட 'மணப்பெண் கேக்' வந்தது. எலிசபெத் ரஃபால்ட் என்ற அம்மையார் 1769-ல் வெளியிட்ட சமையல் புத்தகத்தில், பழ கேக்கின் மேல் பாதாம் விழுதுப் பூச்சு, அதன் மேல் வெள்ளைச் சர்க்கரைப் பூச்சு என்று சொல்லிக்கொடுத்தார். இன்றைய கல்யாண கேக்குக்கு அடித்தளம் அதுதான்.

ஏன் வெள்ளை? அந்தக் காலத்தில் சர்க்கரை எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு விலை. கூம்பாக உறைந்த சர்க்கரையை உடைத்து, இடித்து, மெல்லிய துணியில் சலித்து எடுக்க வேண்டும். வெள்ளைப் பூச்சு போட்ட கேக் வைத்திருக்கிறார்கள் என்றால் வசதியான வீடு என்று அர்த்தம். நம் ஊரில் அட்டிகை கனத்தைப் பார்ப்பதுபோல அங்கே கேக்கின் வெண்மையைப் பார்த்தார்கள்.

1840 பிப்ரவரி 10-ல் விக்டோரியா மகாராணியின் கல்யாணம். கேக்கின் எடை சுமார் 300 ராத்தல், அதாவது ஏறத்தாழ 136 கிலோ. சுற்றளவு 9 அடி, உயரம் 14 அங்குலம். அகலமான ஒரே கேக், மேலே சர்க்கரைப் பொம்மைகள். முட்டை வெள்ளைக்கருவையும் பொடித்த சர்க்கரையையும் அடித்துச் செய்யும் பூச்சுக்கு 'ராயல் ஐசிங்' என்று பெயர். வெள்ளைக்கருவில் உள்ள புரதம் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீர் உலர்ந்ததும் சர்க்கரை கல் மாதிரி இறுகும். அதனால்தான் அதில் ஊசிமுனைக் கோலம் போட முடிகிறது.

1858-ல் விக்டோரியாவின் மூத்த மகள் கல்யாணத்தில் அடுக்கு வந்தது. ஆனால் மேலடுக்குகள் வெறும் சர்க்கரை வேலைப்பாடு. 1882-ல் அவர் மகன் லியோபோல்டின் கல்யாணத்தில்தான் எல்லா அடுக்கும் தின்னக்கூடிய கேக்காக இருந்தன என்று சொல்கிறார்கள். ஆக, மேலடுக்கு 'டம்மி' என்பது நம் மண்டபத்துக் கண்டுபிடிப்பு அல்ல. அரண்மனையிலேயே ஆரம்பித்தது!

இரண்டாம் உலகப் போரில் சர்க்கரைக்கு ரேஷன். 1940-ல் கேக்கின் மேல் ஐசிங் பூசுவதையே இங்கிலாந்தில் தடை செய்தார்கள். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அட்டையிலும் சுண்ணாம்புச் சாந்திலும் செய்த அடுக்கு கேக் கூடுகளை வாடகைக்கு எடுத்து, உள்ளே சின்னதாக ஒரு கேக்கை ஒளித்து வைத்தார்கள். படத்துக்கு அடுக்கு, வாய்க்கு ஒரு துண்டு. நாம் சுதந்திரம் அடைந்த 1947-ல், நவம்பர் 20 அன்று எலிசபெத் இளவரசிக்குக் கல்யாணம். அப்போதும் ரேஷன் போகவில்லை. 9 அடி உயர கேக்குக்கான சர்க்கரை முதலிய பொருள்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து, அங்குள்ள சாரணப் பெண்கள் அனுப்பி, கப்பலில் வந்தன.

அந்த வெள்ளைக்குப் பின்னால் இருந்த கைகள்

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை 1834-ல் சட்டப்படி முடிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதே 1834-லிருந்து மொரீஷியஸ் தீவுக்கு இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோக ஆரம்பித்தார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் 1860 நவம்பர் 16-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன முதல் கப்பல் அதுதான். அதில் இருந்தவர்களில் பலர் நம் சென்னை மாகாணத்துக் குடியானவர்கள். பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வாடிய நம் பெண்களைப் பற்றிப் பாரதியார் பாடியதை நான் எத்தனையோ வகுப்புகளில் நடத்தியிருக்கிறேன். நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும், உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

லண்டன் கேக்கின் வெண்மை ஊர் ஊராகச் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டியது அதே ஐம்பது அறுபது வருஷத்தில்தான். சர்க்கரை மலிந்தது. மலிந்ததற்கு விலை கொடுத்தவர்கள் கல்யாணப் படத்தில் இல்லை. கேக் வெட்டுவதில் குற்றம் இல்லை, கண்ணு. ஆனால் வரலாறு படித்தவர்களுக்கு அந்த வெள்ளையில் இதுவும் தெரிய வேண்டும்.

கேக் நம் பக்கம் வந்த வழி

அப்போதைய சென்னை மாகாணத்து மலபாரில், தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர் 1880-ல் ராயல் பிஸ்கட் ஃபேக்டரி என்ற பெயரில் பேக்கரி தொடங்கினார். அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்தின் துரை முர்டாக் பிரவுன், சீமையிலிருந்து கொண்டுவந்த கேக்கைக் காட்டி 1883-ல் இதுபோலச் செய்து தரக் கேட்டார். மாஹேயிலிருந்து பிரெஞ்சு பிராந்தி வாங்கிச் சேர்க்கவும் சொன்னார். பாப்பு அதை விட்டுவிட்டு, முந்திரிப் பழத்திலும் வாழைப்பழத்திலும் எடுத்த உள்ளூர் மதுவைச் சேர்த்தார், அச்சைத் தருமடத்துக் கொல்லரிடம் செய்து வாங்கினார் என்று அங்கே சொல்கிறார்கள். அந்த கிறிஸ்துமஸுக்குத் துரை சாப்பிட்டுப் பார்த்து மேலும் பன்னிரண்டு கேட்டாராம். சீமைச் சரக்கை உள்ளூர்ப் பொருளால் ஜெயித்த கதை அது.

1898-ல் பெங்களூர் சிக்பேட்டையில் ஹாசன் பக்கத்து ஐயங்கார் குடும்பம் ஒன்று பேக்கரி தொடங்கியது. முட்டை சேர்க்காத பண்டங்கள் செய்த அந்த வழியில்தான் 'ஐயங்கார் பேக்கரி' என்ற பெயர்ப்பலகை நம் ஊர்ப் பேருந்து நிலையம் வரை வந்தது. நம் ஊர்களில் கேக்கை முதலில் கல்யாணத்தில் வெட்டியவர்கள் கிறிஸ்தவக் குடும்பங்கள். கோயிலில் ஆசீர்வாதம் முடிந்து பந்தலுக்கு வந்ததும் கேக் வெட்டி, உறவினருக்கு ஒவ்வொரு துண்டு. அப்போது பெரும்பாலும் பிளம் கேக்தான்.

இலங்கையில் இதற்கு ஒரு தனி மரபு இருக்கிறது. யாழ்ப்பாணத்தார் உட்பட அங்குள்ள பலர் கல்யாண மண்டபத்தில் அலங்கார அடுக்கை நிறுத்துவார்கள். அது பெரும்பாலும் கூடு மட்டும். ரவை, முந்திரி, பூசணிப் பாகு எல்லாம் சேர்த்த 'ரிச் கேக்'கைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, தாளில் சுற்றி, பெட்டியில் போட்டு ஒவ்வொரு விருந்தாளிக்கும் கொடுப்பார்கள். பல நாள் வைத்துச் சாப்பிடலாம். பார்க்கிற கேக் வேறு, தின்கிற கேக் வேறு என்ற எல்லையை அவர்கள் ஒழுங்காகக் காப்பாற்றுகிறார்கள்.

இப்போது செய்வது எப்படி

நம் மாணவியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கேக் மெத்தென்று இருக்கும், தன் தலைமேல் இன்னொன்றைத் தாங்காது. அதனால் கீழடுக்கில் குச்சிகளையோ தடித்த ஸ்ட்ராக்களையோ செங்குத்தாகச் செருகி, அதன் மேல் அட்டை வைத்து, அடுத்த அடுக்கை ஏற்றுகிறார்கள். நம் மண்டபத் தூண்களைப் போல எடை குச்சியில் இறங்கும், கேக்கில் இறங்காது. பல சமயம் கீழே ஒன்றிரண்டு அடுக்குதான் கேக், மீதி தெர்மாகோல்.

அடுத்த எதிரி நம் வெயில். சித்திரையில் கள்ளக்குறிச்சிச் சூட்டில் வெண்ணெய் கிரீம் வழிந்துவிடும். அதனால் சாக்லேட் கனாஷ் பூசி, அதன் மேல் ஃபாண்டன்ட் என்ற சர்க்கரை மாவைச் சப்பாத்தி போலத் தேய்த்துப் போர்த்துகிறார்கள். கொண்டை ஊசி வளைவு ஏறி மலைக்குப் போகிற கேக் என்றால், அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில் கொண்டுபோய் மண்டபத்தில் வைத்துத்தான் அடுக்க வேண்டும்.

கடைசியில் பளபளப்பு. அதில்தான் பல ஜாதி.

ஒன்று, தங்க ரேக்கும் வெள்ளி ரேக்கும். தஞ்சாவூர் ஓவியத்தில் ஒட்டுவது போன்ற மெல்லிய தகடு. வட இந்திய இனிப்பிலும் பீடாவிலும் வெள்ளித் தாளைப் பார்த்திருப்பீர்கள். சுத்தமான தங்கமும் வெள்ளியும் வயிற்றில் கரையாமல் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். நம் நாட்டு விதிப்படி உண்ணும் வெள்ளித் தாளில் வெள்ளி 1000-க்கு 999 பங்கு இருக்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 2.8 கிராமுக்கு மேல் போகக்கூடாது. முன்பு மாட்டுக் குடல் தோலுக்கு நடுவே வைத்து அடிக்கும் வழக்கம் இருந்ததால், செய்யும் எந்தக் கட்டத்திலும் விலங்குப் பொருள் படக்கூடாது என்று 2016-ல் விதி வந்தது.

இப்போது சொன்ன கணக்கு. 10 அங்குல விட்டம், 5 அங்குல உயரம் உள்ள ஓரடுக்கின் பக்கம் முழுக்க வெள்ளித் தாள் ஒட்ட எவ்வளவு வெள்ளி? சுற்றளவு, பையைக் கொண்டு பெருக்கினால், ஏறக்குறைய 80 செ.மீ. உயரம் 12.7 செ.மீ. பரப்பு சுமார் 1000 சதுர செ.மீ., அதாவது ஒரு சதுர மீட்டரில் பத்தில் ஒரு பங்கு. 2.8-ஐப் பத்தால் வகுத்தால் 0.28 கிராம். குழந்தை மோதிரத்துக்குக்கூடக் காணாது! இவ்வளவு குறைந்த வெள்ளியில் இவ்வளவு பெரிய பரப்பு பளபளக்கிறது என்றால், அந்த வேலை தெரிந்தவர்களின் கைக்குத்தான் கூலி.

இரண்டு, முத்துப் பொடி. இதன் மூலப்பொருள் என்ன என்று கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அபிரகம், நம் பாஷையில் காக்காப்பொன்! மழை பெய்து ஓய்ந்ததும் மலைப் பாதை மண்ணில் மினுக்கும் தகடுகளைப் பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு வந்து சிலேட்டில் ஒட்டுவார்களே, அதே ஜாதி. அதைச் சுத்தம் செய்து, பொடித்து, மேலே டைட்டானியம் டை ஆக்சைடை மிக மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். படலத்தின் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டும். மழைத் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் வானவில் தெரிவதுபோல. உணவுத் தரத்தில் செய்த இந்தப் பொடியை அமெரிக்கா 2006-லிருந்து சில பண்டங்களுக்கு அளவு சொல்லி அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியமோ டைட்டானியம் டை ஆக்சைடை 2022-ல் உணவிலிருந்து விலக்கிவிட்டது. ஒரே பொருளுக்கு இரண்டு கரையில் இரண்டு முடிவு.

மூன்று, வேலம் பிசின் வகையையும் மாவுச்சத்தையும் தகடாக உலர்த்தி நொறுக்கிய மினுமினுப்பு. வாயில் போட்டால் கரைந்துவிடும்.

நான்காவதுதான் வில்லங்கம். பிளாஸ்டிக் படலத்தை நறுக்கிய கைவேலை ஜிகினாவும், செம்பு, பித்தளைப் பொடியான பெயிண்ட் தூளும். பார்வைக்கு மூன்றாவதும் நான்காவதும் ஒன்றுபோலவே இருக்கும். டப்பாவில் 'நான் டாக்ஸிக்' என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லுக்கு 'உண்ணலாம்' என்று பொருள் இல்லை. கிரேயான் டப்பாவில்கூட அப்படித்தான் எழுதியிருக்கும். அதைத் தட்டில் வைத்துப் பரிமாறுவோமா?

இனிப்பில் விஷம் கலந்த வரலாறு

1820-ல் ஃபிரெடரிக் ஆக்கம் என்ற வேதியியலாளர் லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். கலப்படம் பற்றியது. மிட்டாய்க்குச் சிவப்பும் பச்சையும் ஏற்ற ஈயத்தையும் செம்பையும் சேர்க்கிறார்கள் என்று வெளிச்சம் போட்டார். 1858-ல் பிராட்ஃபோர்டு நகரில் சர்க்கரைக்குப் பதில் மலிவுத் தூள் கலக்க நினைத்தவர்களுக்கு, கடையில் தவறுதலாக ஆர்சனிக் கொடுக்கப்பட்டது. அந்த மிட்டாயைத் தின்ற 200-க்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள், சுமார் 20 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சென்னை மாகாணத்துக்கு 1918-ல் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்கும் 1954-ல். இப்போது நடைமுறையில் இருப்பது 2006-ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம். ஒவ்வொரு சட்டத்துக்கும் முன்னால் சில குழந்தைகளின் வயிற்றுவலி இருக்கிறது.

பழைய கதை என்று தள்ளாதீர்கள். 2018-ல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாகாணத்தில் ஒரு வயதுப் பிறந்தநாள் விழாவில் கேக் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தி, பேதி. கேக்கில் தடவியிருந்தது ரோஸ் கோல்டு நிறப் பொடி. சோதித்தால் அது செம்புத் தூள். மறு வருஷம் மிசூரி மாகாணத்தில் ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. பிறந்தநாள் கேக்கின் பூ அலங்காரத்துக்குப் போட்ட மஞ்சள் தூளில் ஈயம். ஈயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். போன அறிவு திரும்பாது. ஆசிரியையாக இதைப் படித்தபோது எனக்கு உதறல் எடுத்தது.

நம் மாநிலத்தில் 2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். ரோஸ் நிறத்துக்காகத் துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயத்தைச் சேர்த்திருந்தது சோதனையில் தெரிந்ததால் தடை. திருவிழாவில் நாமே வாங்கிக் கொடுத்த மிட்டாய்.

அதே வருஷம் ஜூன் மாதம் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நடந்ததை நான் எழுதித்தான் தெரிய வேண்டுமா? மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள். அவர்களில் கூலி வேலை செய்தவர்கள் எத்தனை பேர், தகப்பனை இழந்த பிள்ளைகள் எத்தனை பேர். மெத்தனாலும் மற்ற சாராயமும் பார்வைக்குத் தண்ணீர் போல ஒன்றாகவே இருக்கும். கண்ணுக்கும் மூக்குக்கும் வித்தியாசம் தெரியாது. கேக்கையும் அந்தத் துயரத்தையும் ஒரே தராசில் வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஆனால் நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு பாடத்தை இனி யாரும் நடத்த வேண்டியதில்லை: தொழிற்சாலைப் பொருள் எது, உணவுப் பொருள் எது என்பதைக் கண் சொல்லாது. யாராவது சோதித்துச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனைக்கு அடையாளம் லேபிள். லேபிளைப் படிப்பதற்குத்தான் நாங்கள் எழுத்து சொல்லிக்கொடுத்தோம்.

கேக் செய்யும் பிள்ளைகளுக்கு

உங்களை மிரட்ட இதை எழுதவில்லை. வீட்டில் இருந்தபடி பத்து ரூபாய் சம்பாதிக்கும் பெண்களைப் பார்த்தால் எனக்குப் பெருமைதான். சில வார்த்தைகள் மட்டும்.

பளபளப்புத் தூள் வாங்கினால் டப்பாவில் 'உண்ணத்தக்கது' என்பதோடு, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. முத்திரையும் 14 இலக்க உரிம எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியல் இல்லாத டப்பா, எவ்வளவு மினுக்கினாலும், வேண்டாம். மொத்தமாக வாங்கிப் பொட்டலம் போட்ட தூளையும் வாங்காதீர்கள்.

வாடிக்கையாளர் வற்புறுத்திக் கைவேலை ஜிகினாதான் வேண்டும் என்றால், அதைத் தெர்மாகோல் அடுக்கில் மட்டும் போடுங்கள். தின்னும் அடுக்கில் படாமல் நடுவே அட்டை வையுங்கள். 'இந்த அடுக்கு அலங்காரத்துக்கு மட்டும்' என்று மண்டபத்தில் பரிமாறுகிறவரிடம் வாயால் சொல்லிவிட்டு வாருங்கள். நம் பாட்டிமார் ஜிகினாத் தாளைப் பிரித்து எறிந்தார்களே, அந்த எல்லைக் கோட்டை நீங்கள் மறுபடி போடுகிறீர்கள்.

பூ வைக்கிறவர்கள் கவனியுங்கள். அரளி கண்டிப்பாகக் கூடாது. செங்காந்தள் நம் மாநில மலர்தான், அழகுதான், ஆனால் கண்வலிக்கிழங்குச் செடியின் எல்லாப் பாகமும் விஷம். மருந்தடிக்காத நாட்டு ரோஜா இதழ் போதும்.

இன்னொன்று சொல்லட்டுமா? பாறையைப் பிளந்ததுபோல கேக்கில் பள்ளம் வைத்து, அதில் படிகம் பதிக்கிற ஒரு நாகரிகம் வந்திருக்கிறது. அந்தப் படிகம் வேறு ஒன்றும் இல்லை, நம் கற்கண்டுதான்! டைமண்டு கற்கண்டைப் பதித்துப் பாருங்கள், மண்டப விளக்கில் எந்தத் தூளும் தோற்றுப்போகும். கல்வராயன் மலைத் தேனையும் தினையையும் கேக்குக்குள் கொண்டுவாருங்கள். தலச்சேரிப் பாப்பு பிராந்தியை விட்டுவிட்டு உள்ளூர்ச் சரக்கைச் சேர்த்த அதே துணிச்சல் உங்களுக்கும் வரட்டும்.

கேக் வாங்குகிற உறவுகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஆர்டர் கொடுக்கும்போது எத்தனை அடுக்கு, என்ன விலை என்று கேட்கிறீர்கள். கூடவே "மேலே என்னம்மா போடுறே, டப்பாவைக் காட்டு" என்றும் கேளுங்கள். நல்ல கைக்காரி கோபித்துக்கொள்ள மாட்டாள். சந்தோஷமாகக் காட்டுவாள்.

உங்கள் வீட்டுப் பழைய கல்யாணங்களில் பருப்புத்தேங்காயோ சர்க்கரைப் பொம்மையோ, முதல் முதலாக வெட்டிய கேக்கோ இருக்கிற படம் இருந்தால் கீழே போடுங்கள். எந்த ஊர், எந்த வருஷம் என்றும் எழுதுங்கள். சர்க்கரை அச்சு வார்க்கிறவர்கள் நம் பக்கம் யாராவது இன்னும் இருந்தால் தெரியப்படுத்துங்கள். மர அச்சுகள் பரணில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவையும் வரலாறுதான்.

எல்லோரும் நலமாக, வளமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்